பங்குக் கிணற்று மீன்கள்

எங்கள் வீட்டுக் கிணறு பாதிக் கிணறு. மயிலாப்பூரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட பழைய வீடுகளில் இப்படித்தான் இருக்கும். வீட்டை நடுவில் பிரித்துச் சுவர் எழுப்புவார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது, அதனால் சுவரைக் கிணற்றின் வாய்க்கு மேலேயே கொண்டுபோய்விடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். கீழே தண்ணீர் ஒன்றுதான். அந்தப் பக்கத்து வாளி விழுந்தால் எங்கள் பக்கம் தண்ணீர் ஆடும்.

எழுபதுகளின் நடுவில் அந்த வீட்டின் ஒரு பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குத் தேனாம்பேட்டையில் ஆபீஸ். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண். மறு பாதியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அந்த வீட்டுக்காரர் தி. நகரில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருந்தார். காலையில் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அவர் மனைவிக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. அவர்களுடைய ஒரே குழந்தைக்கு அப்போது மூன்று வயது, பெண். எனக்கும் அவளுடைய அம்மாவுக்கும் நடந்த பேச்செல்லாம் பெரும்பாலும் சுவருக்கு மேலேதான், முகம் தெரியாமல்.

தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். சயின்ஸ் டீச்சர் என்றால் பாதி டாக்டர் என்று அவர்களுக்கு எண்ணம். எனக்கும் அப்படித்தான் எண்ணம். அதை ஒளிப்பானேன்.

அந்த வருஷம் சித்திரை மாதம், கொசு ஒழிப்புக்காரர் ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் ஒரு பை, கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் அடித்துப் பார்த்தார். கிணற்றின் ஆழத்து இருட்டில் அந்த வெளிச்சம் வட்டமாகப் போய் நின்றது. பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அதிலிருந்த மீன்களைக் கிணற்றில் விட்டார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத சாம்பல் நிற மீன்கள்.

"கொசுப் புழுவத் துன்னுட்டு அதும்பாட்டுக்குக் கெடக்கும்மா. தீனி எதுவும் போடத் தேவையில்ல. எடுத்து மட்டும் போட்டுடாதீங்க. மலேரியா திரும்ப வந்துகினு கீது. கொழந்தைங்க கீற ஊடு."

"எனக்குத் தெரியும். நான் சயின்ஸ் டீச்சர்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு நான் இன்னாத்த சொல்றது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு உண்மையாகவே தெரியும். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று வருஷாவருஷம் கரும்பலகையில் நான்கு படம் வரைகிறவள் நான். கூட்டுப்புழுவை நான் வரைவது போலப் புத்தகத்தில்கூட இருக்காது என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

தீனி வேண்டாம் என்று அவர் சொன்னாலும், பக்கத்து வீட்டுக் குழந்தை விடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால் கையில் பொரி இருக்கும். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடிச் சுவர் மேல் கவிழ்ந்து ஒவ்வொரு பொரியாகக் கிணற்றில் போடும். "வாங்க, வாங்க" என்று மீன்களைக் கூப்பிடும் குரல் கிணற்றுக்குள் எதிரொலித்து எங்கள் பக்கம் வரும். கொஞ்ச நாளில் தண்ணீரில் பொரி விழுந்தாலே மீன்கள் எல்லாம் மேலே வந்து கூடிவிடும் என்று ஆயிற்று. நானும் எட்டிப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் என் மாமனாரின் தெவசம் வரும். எங்களில் அதற்கான சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. விடியற்காலையில் குளித்து, தீட்டுப் படாத மடிப் புடவையோடு கிணற்றில் நானே இறைத்த தண்ணீர்தான் வேண்டும். தெவசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு காலை குடத்தைச் சாய்க்கிறேன், அரிசி களைகிற பாத்திரத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"இந்த ஜலத்துலயா அப்பாவுக்குப் பண்ணப் போறோம்?" என்று என் கணவர் கேட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்த மீனைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

காவிரியில் மீன் இல்லையா, கங்கையில் இல்லையா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன், கேட்டுவிட்டு அதை ஒதுக்கினேன். பள்ளிக்கூடத்துச் சயின்ஸ் பள்ளிக்கூடத்தோடு, வீட்டு மடி வீட்டோடு. அப்படித்தான் என் தலைக்குள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன். நடுவில் ஒரு சுவர்.

மீன்களை எப்படிப் பிடிப்பது என்பதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாளியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு பிடி பொரியைத் தூவினேன். வந்தன. வாளியைத் தூக்கினேன். பக்கத்து வீட்டில் தாயும் குழந்தையும் மத்தியானம் தூங்குகிற நேரமாகப் பார்த்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் செய்தேன். கொல்ல மனசு வரவில்லை. பித்தளைத் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டுபோய்க் கோயில் குளத்தில் விட்டேன். பாவமும் இல்லை, மடிக்கும் குறைவில்லை என்று திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். தெவசம் நன்றாக நடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தை வெகு நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் சுவருக்கு அப்பாலிருந்து, "டீச்சர், மீனு எங்க?" என்று கேட்டது. நான் இந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

"போயிடுத்துடா கண்ணா" என்றேன்.

"தண்ணி ஒத்துக்கலை போல" என்று அவள் அம்மா சமாதானம் சொல்லிக் குழந்தையை உள்ளே தூக்கிப் போனாள்.

ஆவணியில் கொசு ஒழிப்புக்காரர் திரும்பி வந்தார். கண்ணாடியை அப்படியும் இப்படியும் திருப்பி அடித்துப் பார்த்தார். "ஒண்ணுகூடக் காணமேம்மா" என்றார்.

"அடியில இருக்கும்."

"புழு நெளியுதும்மா. மீனு இருந்தா புழு எப்டி இருக்கும்? வேற கொண்டாந்து வுடட்டா?"

"இப்ப வேண்டாம். வரிசையா பண்டிகை வரது. அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். கிணறு எங்கள் கதவு எண்ணில்தான் அவர் புத்தகத்தில் பதிவாகியிருந்தது. அதனால் பக்கத்து வீட்டுக் கதவை அவர் தட்டவில்லை. நான் படித்தவள் என்பதால் அதற்கு மேல் வாதாடவும் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் போர்வை கேட்டாள். நல்ல வெயில் நேரம். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன, கட்டில் ஆடியது. ஒரு மணி நேரத்தில் உடம்பு அனலாகக் கொதித்தது. அதன் பிறகு தலையணை நனையும்படி வேர்த்து, அயர்ந்து தூங்கிவிட்டாள். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி பாண்டி ஆடினாள். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் குளிர். பாடப் புத்தகத்தில் உள்ளபடி வரிசை மாறாமல் வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

டாக்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்பினார். மலேரியாதான். மாத்திரை பயங்கரக் கசப்பு. பொடி செய்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன், வாந்தி எடுத்தாள். உடனே வாந்தி எடுத்தால் அந்த வேளை மாத்திரையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அழ அழக் கொடுத்தேன். காய்ச்சல் நின்ற பிறகும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்தேன். ஒரு வேளை தப்பவில்லை. என் குழந்தை விஷயத்தில் நான் சயின்ஸ் டீச்சராகத்தான் நடந்துகொண்டேன்.

"பக்கத்தாத்துல குழந்தைகள் இருக்கா? சொல்லி வையுங்கோ. சாயங்காலமே கொசுவலை கட்டிடணும்" என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன்.

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சுவருக்கு அப்பாலிருந்து, "பாப்பாவுக்கு என்ன டீச்சர்?" என்று கேட்டபோது, "ஃப்ளூ" என்றேன். மலேரியா என்று சொன்னால் கொசு என்பாள். கொசு என்றால் கிணறு. கிணறு என்றால் மீன். கரும்பலகைப் படம் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று வரும், கடைசியில் அம்புக்குறி என் வாசலில் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் மட்டும் கொசுவலை வாங்கிக் கட்டினோம்.

ஐப்பசி பிறந்து தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தாள். சுவரைத் தாண்டி அவள் வந்தது அபூர்வம். கடையில் தீபாவளிக் கூட்டம், அவள் கணவர் வீட்டுக்கு வரவே நேரமில்லாமல் இருந்தார்.

"பிள்ளைக்கு நேத்து ராத்திரியெல்லாம் காய்ச்சல் டீச்சர். ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. ஒண்ணும் திங்க மாட்டேங்கா. கடையில ஒரு ஆளு மலேரியாவா இருக்கும்ங்கான். அதான் ஒங்ககிட்டக் கேட்டுக்கிடுவோம்னு வந்தேன்."

மலேரியா என்ற வார்த்தையை அவளே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இதை நான் மறக்க முடியாது. என் வேலை அதை எடுத்துக்கொள்வது மட்டும்தான்.

"நடுங்கினாளா?" என்று கேட்டேன்.

"இல்லையே. சூடுதான்."

குழந்தையின் நெற்றியில் கை வைத்தேன். அப்போது சூடு இல்லை. முகம் வெளுத்திருந்தது, கண் சோர்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "மலேரியான்னா குளிர் தூக்கித் தூக்கிப் போடும். நடுக்கமே இல்லேன்னா அது மலேரியா இல்லை. அஜீரணமா இருக்கும். கஞ்சி குடுங்கோ, சரியாப் போயிடும்" என்றேன்.

நான் பொய் சொன்னேனா? முப்பது நாற்பது வருஷமாக இதை நினைத்துப் பார்க்கிறேன். நடுக்கம் வரும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. என் பெண்ணுக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அது மலேரியாவாக இருக்கக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்குப் பாடப் புத்தகம் தோதாக இருந்தது, அவ்வளவுதான்.

"நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டச் செய்தாள்.

மறுநாள் சுவருக்கு அப்பால் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. பார்த்தாயா, அஜீரணம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இடையில் ஒரு நாள் விட்டு வருவதுதான் அந்தக் காய்ச்சலின் குணம் என்று எனக்குத் தெரியாதா? என் பெண் பாண்டி ஆடியதை என் கண்ணால் பார்த்தவள்தானே நான். மூன்றாம் நாள் ராத்திரி குழந்தை அழுதது. நான்காம் நாள் அழுகை இல்லை, வெறும் முனகல். ராட்டினம் உருளும் சத்தம் அடிக்கடி கேட்டது, ஈரத்துணி போடத் தண்ணீர் இறைக்கிறாள் என்று புரிந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை அவள் சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடினேன். குழந்தைக்கு வலிப்பு. கண் மேலே செருகியிருந்தது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையின் தலை அவள் மடியில், கால் என் மடியில். கால் நெருப்பாகச் சுட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் குழந்தையின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளைத் தாளாக இருந்தது. வயிற்றின் இடது பக்கம் அமுக்கி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்றார்.

"அஞ்சு நாளாச்சும்மா. நடுக்கம் இல்ல, அதனால மலேரியாவா இருக்காதுன்னு..." அவள் என் பெயரை இழுக்கவில்லை. அப்போதும் எனக்கு மரியாதை கொடுத்தாள்.

"நடுங்கணும்னு யார் சொன்னது? சின்னக் குழந்தைங்க பல பேருக்கு நடுக்கமே வராது. காய்ச்சல், வாந்தி, சாப்பிடாம சோர்ந்து கிடக்கும், அவ்ளோதான். மலேரியா இருக்கிற ஊர்ல குழந்தைக்குக் காய்ச்சல்னா மொதல்ல ரத்தத்தைப் பாக்கணும். உங்க பக்கத்துல யாருக்காவது வந்துதா?"

"இல்லீங்களே. டீச்சர் மகளுக்கு வந்தது ஃப்ளூதான்."

டாக்டர் எழுதப் போனார்.

"என் பொண்ணுக்கு வந்தது மலேரியா" என்றேன். "போன மாசம். ரத்தம் எடுத்துப் பாத்தோம். மாத்திரை குடுத்து நன்னா ஆயிடுத்து."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி பார்க்கவில்லை. குழந்தையின் காலில் சரிந்திருந்த கொலுசை மேலே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அதையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் பத்து மணிக்கு மேல் குழந்தை இறந்துபோயிற்று. அப்பா கடைத் துணி மூட்டையோடு அப்படியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். குழந்தைக்கென்று எடுத்து வைத்திருந்த பாவாடைத் துணி அந்த மூட்டையில் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதினாறு நாள் கழித்துக் கொசு ஒழிப்புக்காரர் வந்தார். தெரு முழுக்க ஒவ்வொருவர் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் போனார். நான் கிணற்றடியில் இருந்தேன். சுவருக்கு அப்பால் அவர் குரல் கேட்டது.

"இந்தக் கெணத்துல நான் மீனு வுட்டிருந்தேனேம்மா."

"இருந்துது. எம்புள்ள பொரி போடுவா. பெறகு மீனெல்லாம் போயிட்டுன்னு டீச்சர் சொன்னாவ."

அவர் அடித்த கண்ணாடி வெளிச்சம் தண்ணீரில் வந்து விழுந்தது.

"கெணத்துலேர்ந்து மீனு எங்கம்மா போவும்?" என்றார் அவர்.

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.   என் கையில் கயிறு இருந்தது, வாளி தண்ணீரில் கிடந்தது. உள்ளே போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன் சுவரைப் பார்த்து. "மாமனார் தெவசத்துக்கு ஜலம் மடியா இருக்கணும்னு எடுத்தேன். பொரியைப் போட்டுத்தான் எடுத்தேன்."

ஏன் பொரியைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பக்கம் அவள் உள்ளே போகும் கால் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் யாரையும் கேட்காமல் டப்பாவைத் திறந்து கிணற்றில் மீன் விட்டுவிட்டுப் போனார்.

அவள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. தெருவில் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் என் வீட்டுக்கு அதன் பிறகு யாராவது மருந்து கேட்டு வந்திருப்பார்களா? வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வகுப்பிலும் நான்கு படத்தையும் வரைந்துவிட்டு, சின்னக் குழந்தைக்கு நடுக்கம் இல்லாமலும் வரும் என்று கீழே எழுதிப் போடுவேன். புத்தகத்தில் இல்லையே டீச்சர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எழுதிக்கொள் என்பேன்.

மறு வருஷம் தெவசத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது குடத்தில் ஒரு மீன் வந்தது. கையால் எடுத்துக் கிணற்றில் விட்டுவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே சமைத்தேன். என் கணவர் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர்கள் அதன் பிறகு இரண்டு வருஷம் அங்கேயே இருந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் சுவருக்கு மேலே என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கிணற்றடியில் நின்றால், எங்கள் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும் மீன்கள் எல்லாம் திடீரென்று திரும்பி, சுவருக்கு அடியில் நுழைந்து அவள் பக்கம் போய்விடும். பொரி லேசு, விழும் சத்தம் கேட்காது. அவள் கூப்பிடுவதும் இல்லை. அவை திரும்பி வருகிற வரைக்கும் நான் வாளியை இறக்காமல் நின்றுகொண்டிருப்பேன்.